குரைக்கப் பழக்காதே

பட்டிமேட்டு வட்டை வாடி
22.04.2024

அன்பு மகள் இன்ஷிறாவுக்கு மாமா மீராசா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் அம்ஹாக்குட்டிக்கும், கட்டார் வெயில்ல நிக்கிற மருமகன் ஜுனைட்டுக்கும் றப்பு குறையில்லாத சுகத்தத் தரட்டும். எனக்கு என்ன குறை? அறுபத்திமூணு வயசில முப்பது வயசுக்காரன் மாதிரி வரம்பில ஓடித்திரியிறன். வயல்காரர் இஹ்ஸான் ஹாஜியார் போன கிழமை வந்து, "மீராசா, நீ காவலுக்கு இல்லாட்டி இந்த நாப்பது ஏக்கரும் யானைக்குத்தான்" எண்டு கையப் பிடிச்சு அழுதார். அழுதாரெண்டா, கண் கலங்கிச்சு.

என்ட போனை யானை மிதிச்ச கதை உனக்குத் தெரியும்தானே. அதனாலதான் கடிதம். பால் எடுக்க வாற வீரமுனை சுதன் கொண்டுவருவான். அவன்தான் சொன்னான், உன்ட குசினி ஜன்னல் கம்பிய ஆரோ நெம்பியிருக்கானாம், தண்ணி மோட்டரும் போச்சாம் எண்டு. ஆம்பிளை இல்லாத வீடு. அதனால இதோட ஒரு பெட்டி வரும். பயப்படாமத் திற. உள்ளுக்கு நாய்க்குட்டி. வேலப்போடியர்ட மாட்டுப்பட்டியில பிறந்து ஏழு கிழமை. இதுட தாய் புலியக் கடிச்சது. காட்டுப்புலிதான், வேற ஒண்டும் நினைக்காத.

முதல் நாலஞ்சு நாள் தாயத் தேடிக் கத்தும். தூக்காத, ஏசாத. பெட்டிக்குள்ள பழைய சாறன் ஒண்ட விரிச்சு, போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி, துணியால சுத்தி வை. தாய்ட சூடெண்டு நினைச்சிக் கிடக்கும். சோத்த நல்லாக் குழைச்சு, முள்ளெடுத்த மீனோட நாளைக்கு நாலுதரம் கொஞ்சங் கொஞ்சமாக் குடு. காரம் வேணாம். கோழி எலும்பு குடுக்கவே குடுக்காத, ஊசி மாதிரி உடைஞ்சு குடலக் கிழிக்கும். அதுக்கெண்டு தனிச் சிரட்டை. இருப்பு கிணத்தடிக்குப் பின்னால. காய்ஞ்ச உடம்பு பட்டாக் குற்றமில்ல, ஈரம் பட்டா ஏழுதரம் கழுவு, ஒருதரம் மண்ணால. உனக்கு நான் சொல்லவேணுமா?

முக்கியமான விசயம் ஒண்டு. வாயால கூப்பிட்டுப் பழக்காத. கையால பழக்கு. என்ட நாய் மேஜரப் பார். எட்டு வருசத்தில நான் அவன ஒருதரம் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கையக் காட்டினா வயல் வட்டைக்கு அங்கால இருந்து வருவான்.

துஆவோட,
மாமா மீராசா

*

கல்முனைக்குடி
01.05.2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் முழங்கால் நோவு எப்படி? கடிதத்தில் ஓடித்திரிகிறீர்கள், சுதன் சொல்வது வேறு.

பெட்டிக்கு மேலே பால்மாப் படம் இருந்தது. மாமா பால்மா அனுப்பியிருக்கிறார் என்று சந்தோசமாகத் திறந்தேன். அது தலையை நீட்டி என் முகத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேறு வழியில்லை.

மாமா, நான் களைத்துப்போயிருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை அறுபது வெட்டினபடி கிடக்கிறது. விடிய எழும்பி மெஷினில் இருந்தால் லுஹர் தொழுகைக்குத்தான் இடுப்பு நிமிரும். இதற்குள் இது. முதல் மூன்று நாளும் அதுவும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. போத்தல் யோசனை நாலாம் நாள் பலித்தது. அம்ஹா அதற்குக் கச்சான் என்று பேர் வைத்துவிட்டாள், தோல் அந்த நிறமாம்.

பக்கத்து வீட்டு லைலா ராத்தா வேலிக்கு மேலால் தலையைப் போட்டு, "இன்ஷிறா, இனி உன்ட வளவுக்கு வானத்தில இருந்து மலக்குமார் வர மாட்டாங்க" என்றார். "இப்ப வாறது கள்ளன்தான் ராத்தா, முதல்ல அவன் வராம இருக்கட்டும்" என்றேன். மௌலவியிடம் கேட்டேன். காவலுக்கு வளர்க்கலாம், வீட்டுக்குள் எடுக்காதே, ஈரம் பட்டால் கழுவு என்றார். கழுவுகிறேன். கழுவிக் கழுவிக் கை ஊறி வெளுத்துவிட்டது. கண்ட இடமெல்லாம் மூத்திரம் பெய்கிறது, கண்டதையெல்லாம் கடிக்கிறது. இதற்கு என்ன செய்யவேணும் என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், மனதில் வைத்திருக்க ஏலாது. நோன்புப் பெருநாளன்று எங்கள் கேட்டடியில் நின்று மூன்றுதரம் ஸலாம் சொன்னீர்கள். குசினிக்குள் இருந்து மூன்றுதரமும் நான் பதில் சொன்னேன், "வாங்க மாமா" என்று. வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், நீங்கள் ஒழுங்கை முடக்கில் குடையோடு போகிறீர்கள். அம்ஹா கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சுதனிடம் கொடுத்துவிட்ட போனையும் பெட்டி உடைக்காமல் திருப்பி அனுப்பினீர்கள். நாங்கள் என்ன பிழை செய்தோம்?

உங்கள் மருமகள்,
இன்ஷிறா

*

பட்டிமேட்டு வட்டை
14.05.2024

என்ட மகள் இன்ஷிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்காலுக்கு ஒண்டுமில்ல, சுதனுக்குக் கண்ணில கோளாறு. உன்ட இடுப்புக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிப் போடு.

பெருநாள் கதைய விடு. அண்டைக்கு ஒரு பெரிய மனிசர் அக்கரைப்பற்றுச் சந்தியில காரோட எனக்காகக் காத்துக்கிட்டு நிண்டார். பேர் எழுத ஏலாது. உங்கள்ல ஒரு பிழையும் இல்ல. போன் எனக்கு என்னத்துக்கு? இஞ்ச டவர் இல்ல.

மூத்திரத்துக்குச் சொல்றன். குட்டி எழும்பின உடன, திண்ட உடன, விளையாடி முடிஞ்ச உடன, இந்த மூணு நேரமும் ஒரே இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. பெய்ஞ்ச உடன ஒரு துண்டு கருவாடு. பிழையான இடத்தில பெய்ஞ்சா அடிக்காத, மூஞ்சியப் பிடிச்சுத் தேய்க்காத. அடிச்சா ஒளிச்சுப் பெய்யப் பழகும். கடிக்குதெண்டா முதுகக் காட்டி மரம் மாதிரி நில். விளையாட்டு நிண்டுபோச்செண்டு அதுக்கு விளங்கும். பல்லு முளைக்கிற தினவுக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை ஒண்டப் போட்டு வை. இதெல்லாம் சுனாமி நேரம் நாய்களோட வந்த ஜெர்மன்காரன் என்னட்டப் படிச்சிட்டுப் போனது. இப்ப அவன் அங்க பள்ளிக்கூடம் நடத்துறானாம், சுவரில என்ட படமாம்.

இனிக் கைப்பாடம். உள்ளங்கை கீழ பாத்தா இரு. கை நெஞ்சுக்கு வந்தா வா. முகத்தப் பாக்காம நிக்கானெண்டா நிலத்தில காலால ஒரு உதை, அதிர்ச்சியில திரும்புவான். ஒரு பாடம் அஞ்சு நிமிசத்துக்கு மேல வேணாம்.

குரைக்கப் பழக்காத மகள். குரைக்கிறது சந்தை நாய்ட வேலை. ஆள் வந்தா உன்னட்ட வந்து தொட்டுச் சொல்லப் பழக்கு. மேஜருக்கு ஒரு கயிறு வச்சிருக்கன். ஒரு தலைப்பில பொச்சு, அது அவனுக்கு. மத்தத் தலைப்பு என்ட கால் பெருவிரல்ல. யானை வந்தாப் பொச்சக் கவ்வி இழுப்பான். ஈரமும் படாது, தொழுகையும் கெடாது. அமெரிக்காவில கூட இது இல்ல.

கச்சான் எண்டா கடலையா, காத்தா? இஞ்ச கச்சான் காத்துத் தொடங்கிட்டு. மண்ணள்ளி மூஞ்சியில அடிக்குது.

மாமா

*

கல்முனைக்குடி
09.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அம்ஹாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது மாறிவிட்டது. என் இடுப்பு அப்படியேதான். மேஜரும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் பாடங்கள் சரிவருகின்றன, ஜெர்மன்காரன் கதையைத் தவிர. மூத்திரம் இப்போது வேலியோரத்தில் மட்டும். பால்மா கரைத்துக் கொடுத்தது பிழையாகிவிட்டது, வயிற்றால் போனது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். பால் வேண்டாம் என்றார். பூச்சி மருந்து கொடுத்தார், விசர்நாய் ஊசியும் போட்டுவிட்டார், அட்டை இருக்கிறது. ஊசியைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே மாமா.

போன வியாழக்கிழமை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் கேட்டில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. காலடியில் ஏதோ குளிர்ந்தது. பார்த்தால் கச்சான், மூக்கால் குதிகாலைத் தொட்டுவிட்டு வாசலைப் பார்த்து நிற்கிறது. வாசல்படி தாண்டி உள்ளே வந்தது அன்றைக்குத்தான். எட்டிப் பார்த்தேன், சீருடைக்காரப் பிள்ளையின் உம்மா. எவ்வளவு நேரமாக ஸலாம் சொல்லிக்கொண்டு நின்றாரோ, திரும்பிப் போக ஒரு கால் எடுத்துவைத்துவிட்டார். மூன்றுதரம் சொல்லிப் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும்தானே.

அவரை இருத்திவிட்டுக் காலை ஏழுதரம் கழுவினேன். கழுவக் கழுவப் பெருநாள் நினைவு வந்தது. நீங்கள் எங்களோடு கோபித்துப் போகவில்லை. பதில் வரவில்லை என்று நினைத்துப் போயிருக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாத நாய், குரைக்கக் கூடாத நாய், பெட்டி உடைக்காத போன். எல்லாவற்றையும் அந்தக் கிணற்றடியில் வைத்தே யோசித்தேன்.

மாமா, எனக்கு மெஷின் ஓடுகிறது, அதனால் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன ஓடுகிறது?

யானை நடமாடுகிற வயலில் காது கேளாமல் தனியாக இருக்கிறீர்களா? எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

இன்ஷிறா

*

பட்டிமேட்டு வட்டை
03.07.2024

மகள் இன்ஷிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். அம்ஹாட காய்ச்சல் மாறினது சந்தோசம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வர ஏலாமப் போச்சு, வேலை. கடிதமும் சுணங்கிட்டு, மை முடிஞ்சிட்டு.

காதா? என்ட காதுக்கு எறும்பு நடக்கிறது கேக்கும். போன மாசம் ஏழு யானை வந்திச்சு, ஒவ்வொண்டும் மாடி வீடு உயரம். ஒரு மைலுக்கு அங்கால வரக்குள்ளேயே மூச்ச வச்சுச் சொன்னன், மூணு ஆண், நாலு பெண் எண்டு. ஆக்கள் வந்து எண்ணிப் பாத்தாங்க, சரி.

நாய்க்கு உண்ணி வாற காலம். காதுக்குள்ள, விரல் இடுக்கில பார். இழுத்துப் பிய்க்காத, தலை உள்ளுக்கு நிண்டு சீழ் பிடிக்கும். அடியில பிடிச்சு நேரா எடு. ஊசி விசயம் எனக்கும் தெரியும், உன்னைச் சோதிக்கத்தான் எழுதல்ல.

நாயோட அளவோட இரு. பத்துப் பன்ரெண்டு வருசம்தான் அதுட ஆயுசு. அம்ஹாட்டயும் சொல்லிவை.

கச்சான் இப்ப என்ன உயரம்?

மாமா

*

கல்முனைக்குடி
06.07.2024

மாமா,

ஸலாம். நேற்றுத்தான் கடிதம் கிடைத்தது, இன்றைக்கே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் என்றால் பாதி மேஜர்தான் இருப்பான். இதில் அவன் பேரே இல்லை. சுதனை நிறுத்தி வைத்துக் கேட்டேன். முதலில் சொல்லவில்லை, பிறகு சொன்னான். நான் காது பற்றி எழுதிய அதே கிழமையாம். யானை உங்கள் வாடிக் குடிசைக்குப் பின்பக்கத்தால் வந்ததாம். மேஜர் கயிற்றை இழுத்து உங்களை எழுப்பிவிட்டானாம். நீங்கள் பரணில் ஏறிவிட்டீர்கள், அவனுக்கு ஏணியில் ஏறத் தெரியாது. அடுத்தநாள் நீங்களும் சுதனும் மண்வெட்டியோடு போனீர்களாம்.

ஏழு யானை என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை என்று நான் சுதனிடம் கேட்கவில்லை.

இங்கே வாருங்கள். அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் நீங்கள் அரிந்து காயவைத்தது. இதில் உங்களுக்கு இல்லாத இடம் யாருக்கு?

இன்ஷிறா

*

பட்டிமேட்டு வட்டை
22.07.2024

மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். சுதன் பாலோட வாயையும் கறக்கிறான் போல. அவனுக்கு இனித் தேத்தண்ணி இல்ல.

இஞ்ச பார் மகள். நம்மட ஊர்ல வீடு பொம்பிளைக்கு. ஆம்பிளை கலியாணம் முடிச்சுப் பொண்டாட்டி வீட்ட போய் இருப்பான். உன்ட மாமி மௌத்தானா, பிள்ளையும் இல்ல, வீடு அவட தங்கச்சிர மகளுக்குப் போச்சு. அது நியாயம், நான் ஒரு சொல்லும் கதைக்கல்ல. ட்ரங்குப் பெட்டியத் தூக்கிட்டு வந்தன். உன்ட உம்மா, என்ட தங்கச்சி றஹீமாவுக்கு நான் குடுத்த வாக்கு, உன்ட மகளுக்கு வீடு என்ட பொறுப்பெண்டு. கட்டிக் குடுத்தன். குடுத்த வீட்டில ஒரு மூலையத் திருப்பித் தா எண்டு எந்த முகத்தோட வந்து இருக்கிறது? ஜுனைட் நாளைக்கு லீவில வந்தா அவருக்கு நான் ஆர், காவல்காரனா?

இஞ்ச நான் மீராசா. ஹாஜியார் தோள்ல கை போட்டுக் கதைக்கிற ஆள். அறுவடைக்கு அஞ்சு கிழமைதான் இருக்கு. என்ட காதுக்கு ஒண்டுமில்ல, ஆனா அதப் பத்தி ஹாஜியாருக்கு மாத்திரம் சொல்லிப்போடாத. அண்டைக்கே வேற ஆள் பாத்திருவார்.

வட்டையச் சுத்திக் கம்பி இழுத்துத் தகரப்பேணி கட்டியிருக்கன். சத்தம் கேட்டா எழும்பலாம். அதோட கம்பிட தலைப்ப என்ட கால்லயும் முடிஞ்சிருக்கன், சும்மா ஒரு அழகுக்கு. காத்துக்கும் இழுக்குது, கொக்கு இருந்தாலும் இழுக்குது. நித்திரை கொஞ்சம் குறைவு. மத்தப்படி சுகம்.

மாமா

*

கல்முனைக்குடி
31.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உங்களைப் பாதுகாக்கட்டும். இந்த வரியை வழக்கத்துக்கு எழுதவில்லை.

கம்பியைக் காலில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற உங்களை நினைத்துக்கொண்டு தைத்ததில் ஐந்து சட்டைக்குக் கை மாறிப்போனது. பிரித்துத் தைத்தேன். ஹாஜியாருக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் வேலை போகும், நீங்கள் இங்கேயும் வர மாட்டீர்கள், வேறு யாருடைய வயலுக்காவது போவீர்கள். சொல்லவில்லை.

கச்சானைச் சுதனோடு அனுப்புகிறேன். நீங்கள் அங்கே இருக்கவேணும் என்பதற்காக அனுப்பவில்லை. எப்படியும் இருப்பீர்கள் என்பதால் அனுப்புகிறேன். அம்ஹா நேற்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. லைலா ராத்தா வேலியடியில் நின்று, "போற சீவனுக்கு நல்லாச் சோத்தப் போட்டு அனுப்பு" என்று ஒரு மீன் தலை தந்தார். இரண்டு மாதமாக மீன்காரன் வந்ததை வேலியடியில் போய் நின்று அவருக்குச் சொன்னதும் இதுதானே.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். கச்சானுக்கு ஐந்து மாதம்தான். சோறு இப்போது காலையும் பின்னேரமும். அதை நீங்களே வையுங்கள், சுதனை வைக்க விடாதீர்கள். சோறு வைக்கிற கையைத்தான் அது பார்க்கும். முதல் பத்து நாளும் நீளக் கயிற்றில் வைத்துக் கூடவே கூட்டித் திரியுங்கள், வட்டையின் எல்லை பிடிபட்டதும் அவிழ்க்கலாம். பன்றிக்கு வைக்கிற வெடி உருண்டையைக் கண்டால் விலகப் பழக்குங்கள். ஏணிக்குப் பதிலாகப் பரணுக்கு அகலப் படி அடியுங்கள். அதில் அதை ஏற இறங்கப் பழக்குவதுதான் முதல் பாடம்.

அது வந்து தொட்டால், எதைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பாருங்கள். பார்த்துவிட்டுக் கருவாடு ஒரு துண்டு கொடுங்கள். வந்தது உடும்பாக இருந்தாலும் கொடுங்கள். உடும்புக்காக ஒருதரம் ஏசினீர்கள் என்றால், யானைக்கு அது வராது.

எங்களுக்குப் பயமில்லை. ஜன்னலுக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. ஊசி அட்டை பையில் இருக்கிறது. சுகத்தைப் பற்றி இந்தமுறையாவது உண்மையை எழுதுங்கள்.

இன்ஷிறா

*

பட்டிமேட்டு வட்டை
21.08.2024

மகள் இன்ஷிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமில்ல மகள். உடம்பில காயமொண்டுமில்ல, ஆனா சுகமெண்டு எழுதக் கை வரல்ல.

கச்சான் வந்த முதல் கிழமை ஒம்பதுதரம் தொட்டான். அஞ்சு உடும்பு, ரெண்டு மாடு, ரெண்டுதரம் சுதன். ஒவ்வொண்டுக்கும் எழும்பிப் பாத்துக் கருவாடு குடுத்தன். படி அடிச்சன். முதல் நாள் கீழ்ப்படியில நிண்டு கத்தினான். கத்தினானெண்டு சுதன் சொன்னான். நாலாம் நாள் ஏறினான்.

நேத்து அஸர் தொழுதுகொண்டிருந்தன். நெத்திய நிலத்தில வச்சு ஸுஜூதில இருக்கக்குள்ள குதிகால்ல மூக்கு முட்டிச்சு. உடும்பாக்குமெண்டு நினைச்சன். தொழுகைய முடிப்பமெண்டு நிலையில நிண்டன். திரும்பவும் முட்டினான். பிறகு சாறனக் கவ்வி இழுத்தான். அவனுக்கு நீயும் பழக்கல்ல, நானும் பழக்கல்ல. தொழுகைய விட்டுட்டுத் திரும்பினன்.

வைக்கோல் பட்டறைக்குப் பக்கத்தில நிண்டுது. உன்ட கேட்டுக்கும் கிணத்துக்கும் உள்ள தூரம். ஒரு யானைதான். தனியன். பெரிசெண்டு சொல்ல ஏலாது. வாயத் திறந்துகொண்டு நிண்டுது, பிளிறியிருக்கும். எனக்கு ஒண்டுமே கேக்கல்ல மகள். தூரத்தில இருக்கிற படத்தப் பாக்கிற மாதிரி இருந்திச்சு. கால் வரல்ல. அவன் முன்னால போய்ப் படியடியில நிண்டு என்னையே பாத்தான். கைய நெஞ்சுக்கு எடுத்துக் காட்ட வேண்டியவன் நான். கை எழும்பல்ல. அவன் பாத்துக்கொண்டு நிண்டதாலதான் போனன். ரெண்டு பேரும் ஏறினம். அது வாடிக் கூரையப் பிரிச்சு அரிசிச் சாக்க எடுத்துக்கொண்டு போச்சு.

இறங்கி வந்து ஏழுதரம் கழுவினன். சாறனயும் கழுவினன். அஸரத் திரும்பத் தொழுதன்.

இண்டைக்கு ஹாஜியார் வந்தார். கடுதாசியில எழுதிக் குடுத்தன், எனக்கு மூணு வருசமா ஒரு காது கேக்காது, இப்ப ரெண்டும் இல்ல எண்டு. வாசிச்சார். என்ன கதைச்சாரோ தெரியாது, நான் அவர்ட வாயப் பாக்கல்ல. நெல்லு வெட்டுக்கு மிசின் வார கிழமை வருது. அதுவரைக்கும் ரெண்டு பெடியனுகளக் கூட விட்டிருக்கார்.

வெட்டு முடிஞ்சதும் முதல் லோட் நெல்லோட ட்ரக்டர்ல நாங்க ரெண்டு பேரும் வாறம். அறை வேணாம், கிணத்தடிப் பக்கம் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கித் தா, அவனுக்கும் எனக்கும் அது வசதி. கல்லு நானே அரிவன். கதைக்கக்குள்ள என்ட முகத்துக்கு நேர வந்து கதை. அம்ஹாட்டயும் சொல்லு, கத்தத் தேவல்ல, மெதுவா வாயத் திறந்து சொன்னா விளங்கும்.

சுதன் இந்த யானைக் கதைய ஊருக்குள்ள கொண்டுவந்திருப்பான். சனம் கேட்டா ஒரு யானைதான் எண்டு சொல்லு. மாமாக்குக் காது கேக்காதெண்டும் நீயே சொல்லிப்போடு. பிறகு நான் ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லத் தேவல்ல.

மாமா மீராசா